வலது பின்களத்தில் அவசரம்

அணியில் அவனுக்கு வைத்த பெயர் அவசரம். ஹாக்கியில் பின்களத்தில் நிற்கிறவனுக்கு இதைவிடக் கெட்ட பெயர் வைக்க முடியாது. முன்னால் ஓடுகிறவன் அவசரப்பட்டால் ஒரு கோல் வாய்ப்புப் போகும், அவ்வளவுதான். பின்னால் நிற்கிறவன் அவசரப்பட்டால் அதற்கப்புறம் கோல்கீப்பரைத் தவிர வேறு நாதி கிடையாது.

ஆட்டம் தெரியாதவன் இல்லை. நல்ல உயரம், நல்ல ஓட்டம். வலது மூலையிலிருந்து பந்தை அடித்தால் புல்விரிப்பில் தெளித்திருக்கும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அந்தக் கோடிவரை போகும். கிளப்பில் அவனோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் முதல் அணிக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் மட்டையைப் பரணில் போட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவன் மட்டும் ஆண்டுக்கணக்காக இரண்டாம் அணியிலேயே இருந்தான். எதிராளி பந்தோடு நெருங்கினால் அவனுக்குக் கால் நிற்காது. பாய்ந்துவிடுவான். பத்து முறை பாய்ந்தால் ஆறு முறை பந்து கிடைக்கும். கிடைக்காத நான்கு முறையைத்தான் கோச் ஞாபகம் வைத்திருப்பார். அது கோச்சின் வேலை.

அவன் பாய்ந்ததற்கு ஒரு காரணம் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. அவனுடைய அப்பா.

நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஹார்ன் வேலை செய்யாத வண்டிகளைக்கூடத் தன் குரலாலேயே ஓட்டியவர் என்று பழைய கண்டக்டர்கள் சொல்வார்கள். அவர் ஒருநாளும் ஹாக்கி மட்டையைக் கையில் பிடித்தது கிடையாது. ஆனால் மகனுடைய ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதை விரித்துப் போட்டு, ஒருநாளும் அதில் உட்காராமல், மகன் எந்தப் பக்கம் ஆடுகிறானோ அந்தப் பக்கத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எதிராளி பந்தோடு வந்தால் தொடங்கிவிடுவார். "போ! போடா! நிக்காத, எடு!" பாதை நடுவில் குறுக்கே வந்த சைக்கிள்காரனை விரட்டிய அதே குரல். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல மகனுடைய கால்களுக்குத் தெரியாது.

ஒருமுறை ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது எதிரணியின் இடது முன்கள ஆட்டக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உங்கப்பா 'போ'ன்னு சொன்னதும் நீ வருவேன்னு எனக்குத் தெரியும். பந்த இந்தப் பக்கம் தள்ளிட்டு அந்தப் பக்கம் போயிடுவேன். அவருக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லிடு."

அதிலிருந்து அவன் மனதில் ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது. பார்சல் கிடங்கில் காலை ஷிப்ட் அவனுக்கு. நகரும் பட்டையில் வரும் பெட்டிகளை ஸ்கேனரால் சுட்டு, பகுதிவாரியாகக் கூண்டுகளில் அடுக்கவேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பீப் சத்தம். அந்தச் சத்தங்களுக்கு நடுவே அந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்திப் பார்த்தான். முதலில் "மேட்ச்சுக்கு வாங்கப்பா, ஆனா கத்தாதீங்க" என்றிருந்தது. கத்தாமல் அவரால் நிற்க முடியாது என்று தெரிந்ததும் "கொஞ்ச நாளைக்கு வராதீங்கப்பா" என்று ஆனது. ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி, மடக்கு நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு, தோற்ற ஆட்டத்தைக்கூட ஜெயித்த மாதிரி பேசிக்கொண்டு வருவார். அம்மா இறந்தபிறகு அவர் வாரத்தில் ஒருநாள் மட்டுமே சவரம் செய்துகொள்கிறார் என்பதும், அது ஆட்ட நாள் என்பதும் அவனுக்குத் தெரியும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று விடுவான்.

சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஒரு வேலைநாள் காலையில் அக்கா கிடங்கு மேலாளரின் எண்ணுக்கு அழைத்து, அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார் என்றாள். அவன் ஸ்கேனரை அதன் கொக்கியில் மாட்டினான், பாதி நிறைந்த கூண்டைப் பக்கத்தில் நின்றவனிடம் காட்டினான், கையுறையைக் கழற்றினான். மருத்துவமனையில் டாக்டர் பக்கவாதம் என்றார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. கால் ஓரளவு தேறலாம், கை பார்க்கலாம், பேச்சைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்றார். டாக்டர் பேசி முடிப்பதற்குள் அவன் அவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த, கை கழுவும் முறையை விளக்கும் படத்தை முழுவதும் பார்த்து முடித்திருந்தான்.

அழுகை வரவில்லை. சித்தப்பா வந்து சுவரில் தலையைச் சாய்த்து அழுதபோது அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அக்கா அழுதபோது தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். பையன் எவ்வளவு தைரியமாக இருக்கிறான் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். தைரியம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உள்ளே. இருக்கிறது, ஆனால் கிள்ளினால் தெரியாது. அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பறையில் வேலை பார்த்தாள். அவளிடம் இதைச் சொன்னால் புரியும் என்று நினைத்தான். சொல்லவில்லை.

வார்டில் பிசியோதெரபி பார்க்க வந்தவள் அவனைவிடச் சின்னவள், சிடுசிடுப்பானவள். அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று காட்டினாள். முதல்முறை அவன் அப்பாவின் அக்குளில் கைகொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தான். அப்பாவின் இடது கால் வழுக்க, இருவரும் கட்டிலின் மேலேயே விழுந்தார்கள்.

"மூட்டையா தூக்குறீங்க? இழுக்காதீங்க. காலை அகட்டி, முட்டிய மடக்கி நில்லுங்க. அவர் முன்னால சாயட்டும். அவர் கிளம்பினதுக்கு அப்புறம் நீங்க கிளம்புங்க. அவருக்கு முன்னாடி நீங்க கிளம்பினா ரெண்டு பேரும் கீழதான்."

அவன் கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, முகத்துக்கு முகமாகக் காத்திருந்தான். அப்பாவுக்கு உடம்பு சொல்பேச்சுக் கேட்கவில்லை. சாய்வது போலத் தோன்றும், சாயமாட்டார். தோள் அசையும், இடுப்பு அசையாது. எது வெறும் அசைவு, எது நிஜமான கிளம்பல் என்று பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும். அப்பா மூச்சு விட்டு எடை முழுவதையும் முன்னால் தள்ளும் ஒரு கணம் வரும். அப்போது அவனும் சேர்ந்து எழுந்தால் கனமே இருக்காது.

வீட்டுக்கு வந்தபிறகு அதுவே அன்றாடமாயிற்று. காலையில் அக்கா பார்த்துக்கொள்வாள், மதியத்துக்குமேல் அவன். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிவறை, திரும்ப நாற்காலி. மசித்த சாப்பாட்டைக் கரண்டியில் எடுத்து உதட்டருகே வைத்துக்கொண்டு, முந்தைய வாய் இறங்கியதா என்று தொண்டையைப் பார்த்திருப்பான். அப்பா எதையாவது கேட்க முயல்வார். "த… த…" என்று வரும். தண்ணீரா, தலையணையா என்று இவன் அடுக்குவான். தப்பாகச் சொன்னால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். இதெல்லாம் செய்யும்போதும் அவனுக்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. பெட்டிகளை அடுக்குவது போல ஒழுங்காகச் செய்தான்.

பயிற்சிக்கு அவன் திரும்பி வந்தபோது கோச் ஆச்சரியப்பட்டார். விட்டுவிட்டான் என்றே நினைத்திருந்தார். அக்காதான் அவனை விரட்டியிருந்தாள். சாயங்காலம் இரண்டு மணிநேரம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு மைதானத்தில் ஓடு, நான் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றாள்.

இரண்டாம் அணிக்கு அடுத்த ஆட்டம். எதிரணி முன்கள ஆட்டக்காரன் பந்தோடு வலது ஓரமாக வந்தான். வேலிப் பக்கம் யாரும் இல்லை. 'போ' என்று யாரும் சொல்லவில்லை. அவன் கால்களை அகட்டி, மட்டையைத் தரையோடு தாழ்த்தி, பின்வாக்கில் மெதுவாக நகர்ந்தான். பந்து கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்றிருந்தது. வந்தவன் தோளை ஒருமுறை ஆட்டினான். இவன் அசையவில்லை. அவன் மட்டையால் பந்துக்குமேல் ஒரு வீச்சு வீசினான். இவன் அசையவில்லை. ஆள் பாய்ந்து வருவான், சுற்றிப் போகலாம் என்று வந்தவனுக்குச் சுற்றிப் போக எதுவும் இல்லாமல் போயிற்று. எல்லைக்கோடு நெருங்கியது. பொறுமை போய் அவன் பந்தை நீளமாகத் தள்ளிய கணத்தில் இவன் ஒரே ஒரு அடி எடுத்து வைத்து அதை எடுத்துக்கொண்டான்.

பிறகு அன்று முழுக்க அப்படித்தான் நடந்தது. கிளப்பின் இரண்டு அணிக்கும் ஒரே கோல்கீப்பர்தான். அவன் பின்னாலிருந்து, "டேய் அவசரம், உடம்பு சரியில்லையாடா?" என்று கேட்டான்.

சில வாரங்களில் முதல் அணியின் வலது பின்கள ஆட்டக்காரருக்குத் தொடையில் தசை கிழிந்தது. கோச் இரண்டாம் அணியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல்தான் இவனை எடுத்தார், அதை மறைக்கவும் இல்லை. "ஒரே ஒரு மேட்ச்தான், ஏதும் செய்யணும்னு நினைக்காத" என்றார். செய்யவேண்டும் என்று நினைக்கிற நிலையில் அவன் இல்லை. எதிரணி, பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணி. அவர்களுடைய வேகமான முன்கள ஆட்டக்காரன் முதல் பாதி முழுக்க இவன் முன்னால் வித்தை காட்டிவிட்டு, இரண்டாம் பாதியில் மறுபக்கம் மாறிக்கொண்டான்.

கடைசியில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. அதில் பந்தை வீசி அடிப்பவனை நோக்கி கோல்கோட்டிலிருந்து நேராக ஓடவேண்டிய ஆள் ஒருவர் உண்டு. முகமூடியும் முழங்கால் கவசமும் போட்டுக்கொண்டு, கல் போன்ற பந்து கிளம்பும் இடத்துக்கே தன் உடம்பைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. யாரும் விரும்பிச் செய்வதில்லை. வழக்கமாக ஓடுகிறவர்தான் தொடைக் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார். இவன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினான், பந்து கவசத்தில் பட்டுத் தெறித்தது, ஆட்டம் முடிந்தது. உடைமாற்றும் அறையில் எல்லாரும் அவன் முதுகில் அறைந்தார்கள். அவன் காலுறைகளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

கோல்கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை. "இவ்வளவு நாள் நீ பாஞ்சா எனக்கு எரிச்சல் வரும்" என்றான். "இப்ப எரிச்சல் இல்ல. ஆனா பயமே இல்லாதவன் என் முன்னால ஓடினா, எனக்குப் பயமா இருக்குடா."

தொடை தேறி அந்த மூத்த ஆட்டக்காரர் திரும்பி வந்தபோது அவருக்கு இடதுபக்கம் கொடுத்தார்கள். வலதுபக்கம் அவசரத்துக்கே என்று ஆகிவிட்டது. எப்படித் திடீரென்று இப்படி ஆனான் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். உடற்பயிற்சி என்றார் கோச், ஏனென்றால் புதிய பயிற்சிகளைக் கொண்டுவந்தவர் அவர். வயது வந்தால் நிதானம் வரும் என்றார் கிளப் செயலாளர். மட்டை மாற்றினாயா என்று ஒருவன் கேட்டான். கோச்சே ஒருமுறை நேரடியாக, "நிஜமா என்னடா பண்ற நீ?" என்று கேட்டார். அவன் சற்று யோசித்துவிட்டு, "வீட்ல அப்பாவ எழுப்பி உட்கார வைக்கிறேன் சார்" என்றான். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிறான் என்று நினைத்து அவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு வேறு காரணம் தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவன் தலையணை உறைகளை அடுக்கினான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? சொல்லவே வாய் கூசுது" என்றாள். "அப்பா கத்தாததாலதான் நீ இப்ப நல்லா ஆடுற."

"ஆமாக்கா."

அவள் கையிலிருந்த துண்டை வைத்தாள். மறுப்பான் என்று எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. "அது உன் தப்பில்லடா."

"தப்புன்னு தோணினா பரவால்லயே. எதுவுமே தோணலக்கா. அவர் விழுந்த அன்னிக்கும் தோணல, டீம்ல எடுத்த அன்னிக்கும் தோணல. ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு."

"அழணும்னு வரலையா?"

"வரல."

அக்கா துண்டை எடுத்து மறுபடி மடித்தாள். அப்பாவை ஒருநாள் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள். வாரத்தில் ஒருநாள் அவர் தன் கன்னத்தைத் தடவித் தடவிக் காட்டுகிறார், சவரம் செய்யச் சொல்கிறார், நீ கவனிக்கவில்லையா என்று கேட்டாள். அவன் கவனித்திருந்தான். அரிப்பு என்று நினைத்திருந்தான்.

அப்படித்தான் சொந்த மைதானத்தில் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அப்பா சக்கர நாற்காலியில் வந்தார். அக்கா வேலி ஓரமாக, அவர் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நாற்காலியை நிறுத்தி, மடியில் போர்வையைச் சரிசெய்தாள். அவன் அணிவகுப்பில் நிற்கும்போது பார்த்தான். அந்தத் தூரத்தில் அப்பா ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் வலது ஓரமாகப் பந்தோடு வந்தான். பெரிய ஆட்டக்காரன் இல்லை. அவசரம் கால்களை அகட்டினான், மட்டையைத் தாழ்த்தினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவன் காது வேலிப் பக்கம் போயிற்று. அந்தக் குரல் வரும் என்று எதிர்பார்த்தது. வராது என்று தெரிந்தும் எதிர்பார்த்தது. வந்தவன் அவனைத் தாண்டிப் போய்விட்டான். சுற்றிக்கூடப் போகவில்லை, நேராகப் பக்கத்தில் உரசிக்கொண்டு போனான். அவன் திரும்புவதற்குள் பந்து கோலின் பலகையில் மோதும் சத்தம் கேட்டது.

யாரும் திட்டவில்லை. ஒரு பருவம் முழுக்கத் தப்புச் செய்யாதவனை எப்படித் திட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இடைவேளையில் மற்றவர்கள் கோச்சைச் சுற்றி நிற்க, அவன் மட்டும் வேலிக்குப் போனான். அப்பாவின் வாய் ஒருபக்கமாக அசைந்துகொண்டிருந்தது. "த… த…" தண்ணீரா என்று கேட்க வாயெடுத்தவன், கேட்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்த கோல் என்னாலதான்பா போச்சு" என்றான். "நீங்க கத்துவீங்கன்னு கேட்டுட்டு நின்னுட்டேன்."

அப்பா அவனையே பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இடது கையைத் தூக்கி மைதானத்தைக் காட்டினார். பிறகு அந்தக் கையைத் தொப்பென்று மடியில் போட்டார். அவருடைய இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. காற்றாகவும் இருக்கலாம். அக்கா துடைத்துவிட்டாள். அவன் கோச்சிடம் போகலாம் என்று கம்பியை விட்டான். போகவில்லை. நடுவர் கூப்பிட்டதும் திரும்பி ஓடினான்.

இரண்டாம் பாதியில் சுமாராக ஆடினான். ஒருமுறை பழையபடி பாய்ந்தான், பந்து கிடைத்தது. பெனால்டி கார்னருக்கு ஓடியபோது முதல்முறையாக அவனுக்கு எதிரே மட்டையைத் தாழ்த்தி நின்றவன் பெரிய ஆளாகத் தெரிந்தான். உடம்பு ஒருகணம் பின்வாங்கப் பார்த்தது. ஆனாலும் ஓடினான். பந்து கவசத்துக்குமேலே தொடையில் நேராகப் பட்டது. முதல் பாதியில் போன அந்த ஒரு கோலில் அவனுடைய அணி தோற்றது.

வீட்டில் அப்பாவைக் கட்டிலில் சேர்த்துவிட்டு எழுந்தபோது அவனால் காலை ஊன்ற முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஐஸ் இருக்கா?" என்று கத்தினான். தொடையில் பந்தளவுக்குச் சிவந்து, நடுவில் கறுத்திருந்தது. அக்கா ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி வைத்ததும் அம்மா என்று அலறினான்.

"ஒரு பருவம் முழுக்க ஓடினியே, அப்ப எல்லாம் அடி படலையா?" என்று கேட்டாள் அவள்.

"பட்டிருக்கும்" என்றான். சொல்லும்போதே அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் என்றுதான் அக்கா நினைத்தாள். அவனும் அப்படியே விட்டுவிட்டான். உள்ளறையில் அப்பா இருமினார். அக்கா ஐஸ் துணியை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த பருவத்தில் அவனை தேசிய அணிக்கான தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது வாரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு மறுபடி கூப்பிட்டார்கள், அப்போது வைத்துக்கொண்டார்கள். முகாம் நடந்த மூன்று மாதங்களுக்குச் சித்தப்பா வந்து வீட்டில் தங்கினார். அப்பாவுக்குச் சில வார்த்தைகள் திரும்பின, அவற்றில் பாதி பேருந்து நிறுத்தங்களின் பெயர்கள். முகாமிலும் அவனுக்கு அவசரம் என்றுதான் பெயர். யார் சொல்லி அங்கேயும் பரவியது என்று தெரியவில்லை. புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு அவனை நோக்கிப் பந்தோடு தைரியமாக வருவார்கள். அவனுக்கு இப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பயம் உண்டு. நின்று பார்ப்பான்.